எது நடந்தால் உங்கள் கருத்து மாறும்?

ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ, யான் லகூன் ஆகிய மூவருக்கும் வணக்கம்.

இன்றைய செயற்கை நுண்ணறிவின் அடித்தளமான, மூளையின் நரம்பு வலையைப் பார்த்து அமைத்த நியூரல் நெட்வொர்க்குகளைப் பலரும் கைவிட்ட காலத்தில் விடாமல் உழைத்தவர்கள் நீங்கள். அதற்காக கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருதை 2018ஆம் ஆண்டுக்கு மூவரும் சேர்ந்தே பெற்றீர்கள். அதே துறையின் எதிர்காலம் பற்றி இன்று ஆளுக்கொரு திசையில் நிற்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் ஆபத்தை, பெருந்தொற்றுக்கும் அணு ஆயுதப் போருக்கும் இணையாகக் கருத வேண்டும் என்ற ஒற்றை வரி அறிக்கை 2023 மே மாதம் வந்தது. ஹின்டனும் பெஞ்சியோவும் கையெழுத்திட்டீர்கள். லகூன் கையெழுத்திடவில்லை, அந்தப் பயமே அபத்தம் என்று சொல்லிவருகிறார்.

பெரியவர்கள் கருத்து வேறுபடுவதில் தவறில்லை. ஆனால் யார் சொல்வது சரி என்று பார்க்க எங்களிடம் எந்த வழியும் இல்லையே! முப்பது ஆண்டுகளுக்குள் மனித இனம் அழிய 10 முதல் 20 சதவீதம் வாய்ப்பு என்றார் ஹின்டன். சரி, எது நடந்தால் அந்த 20 ஐந்தாகக் குறையும்? எது நடந்தால் ஐம்பதாக ஏறும்?

சோதிக்கத்தக்க கணிப்பு உங்களுக்குப் புதிதல்ல. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் மருத்துவர்களான ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில், அதிகம் போனால் பத்தாண்டில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016இல் ஹின்டன் சொன்னார். ஸ்கேன் படத்தைப் படிக்கும் மென்பொருள்கள் வந்தன. மருத்துவர்களின் தேவை குறையவில்லை. லகூனுக்கும் இப்படி ஒன்று உண்டு. மேசையைத் தள்ளினால் அதன்மேல் இருக்கும் பொருளும் சேர்ந்து நகரும் என்பதை, எழுத்தை மட்டும் படித்து வளரும் மொழி மாதிரி (சாட்பாட்களை இயக்கும் மென்பொருள்) எவ்வளவு பெரிதானாலும் கற்காது என்றார், 2022இல். ஓரிரு ஆண்டுக்குள் சாட்பாட்கள் அந்தக் கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லின.

குத்திக்காட்டுவதற்காக இவற்றை எடுக்கவில்லை. உங்கள் பேச்சுகளில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தவை இந்த இரண்டும்தான். படம் பார்ப்பது ஒரு மருத்துவரின் வேலையில் ஒரு பகுதிதான் என்று முதலாவது காட்டியது. வெறும் எழுத்திலிருந்தே எவ்வளவு உலக அறிவு தேறும் என்று இரண்டாவது காட்டியது. தெளிவாகச் சொன்னதால்தான் தவறியதும் தெரிந்தது.

என் மனம் நம்பிக்கையின் பக்கமே சாய்கிறது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்காக 2024இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது அவ்வளவு மகிழ்ந்தேன். ஆனால் என் மனச்சாய்வை வைத்து எந்த அரசும் சட்டம் எழுதக் கூடாது. உங்கள் மனச்சாய்வை வைத்தும் எழுதக் கூடாது. இன்று கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது: பயந்தவர் பேச்சைக் கேட்டு ஒரு அரசு, துணிந்தவர் பேச்சைக் கேட்டு இன்னொன்று. நடுவில், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் விழிக்கும் பெற்றோர்.

எனவே ஒரு வேண்டுகோள். லகூன் அவர்களே, இன்றைய மொழி மாதிரிகளின் பாதை மனித அளவு அறிவுக்குப் போகாது என்கிறீர்கள். 2030க்குள் அவை எதைச் செய்துவிட்டால் அந்தக் கருத்தைக் கைவிடுவீர்கள்? பெஞ்சியோ அவர்களே, 2025 ஜனவரியில் வந்த சர்வதேச செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு அறிக்கைக்குத் தலைமை ஏற்றவர் நீங்கள். எந்தச் சோதனையில் ஒரு மொழி மாதிரி தேறினால் உங்கள் பயம் தணியும்? ஹின்டன் அவர்களே, உங்கள் சதவீதத்தை ஏற்றும் நிகழ்வுகளையும் இறக்கும் நிகழ்வுகளையும் ஆண்டு குறித்து எழுதுங்கள். மூவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதி, ஒரே நாளில் வெளியிடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போதும்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்