முதல் ஆயிலை எப்போது மாற்றுவது

அன்புள்ள செல்விக்கு,

புதுக் கார் போட்டோ எல்லாம் வந்தது. நிறம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு வெள்ளையே போதும் என்று தோன்றியது, சரி விடு. நீ கேட்டதற்கு வருகிறேன். ஆபீஸ் நண்பர் 1,000 கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றச் சொல்கிறார், சர்வீஸ் சென்டரில் 10,000 வரை தொட வேண்டாம் என்கிறார்கள். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நண்பர் சொல்வது அவருடைய அப்பா காலத்துப் பேச்சு. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய நாளில் புது வண்டியின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஒட்டியிருப்பார்கள். மெதுவாகத்தான் போவேன், ஹாரன் அடிக்காதே என்று அர்த்தம். அப்போது சிலிண்டர் கடைசல் அவ்வளவு நயமாக இருக்காது. முதல் ஆயிலை இறக்கி வெயிலில் பார்த்தால் பொடிப்பொடியாக மினுங்கும். அதைச் சீக்கிரம் வெளியேற்றியது நியாயம்தான்.

இப்போதும் தேய்மானம் இல்லாமல் இல்லை. சிலிண்டர் சுவரில் வேண்டுமென்றே குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், ஹோனிங் என்போம். கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேட்டில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உரசி உரசி இரண்டும் படியும். அப்படிப் படிந்தால்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம், கசியாது, வண்டி ஆயில் குடிக்காது. உரசலில் வரும் துகளில் பெரியதை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், பொடி மட்டும் ஆயிலோடு சுற்றும். பழைய வண்டிகளோடு பார்த்தால் அது கொஞ்சம்தான்.

அதனால் இதற்கு ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. முதல் ஆயிலைக் குறித்த சர்வீஸுக்கு முன்னால் மாற்றாதே என்று ஹோண்டா மேனுவலிலேயே எழுதுகிறது. பிஎம்டபிள்யூவின் எம் கார்களுக்கோ 2,000 கிலோமீட்டரில் கட்டாயம் மாற்ற வேண்டும். தம்பியின் புல்லட்டுக்கு 500-லேயே மாற்றினோம், ஞாபகம் இருக்கும். பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுவதால் அழுக்கு சீக்கிரம் சேரும். அந்தக் கணக்கைக் காருக்குக் கொண்டுவருவதில்தான் பாதிக் குழப்பம்.

உன் வண்டிக்கு என் யோசனை இது. 1,000-ல் மாற்ற வேண்டாம். ஆனால் 10,000 வரையும் இழுக்காதே. உனக்கு ஆபீஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே, போகிற தூரமெல்லாம் சிக்னலும் நெரிசலும். இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறாய். அப்படி ஓட்டினால் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேரும், ஆவியாகிப் போக நேரம் கிடைக்காது. மேனுவலின் பின்பக்கத்தில் கடுமையான பயன்பாடு என்று ஒரு அட்டவணை இருக்கும், யாரும் படிப்பதில்லை. பல வண்டிகளுக்கு அதில் பாதித் தூரத்திலேயே ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். ஆகவே 5,000 அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடு. ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல். ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கான குறியீடு மேனுவலில் 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதுவேதான், கெட்டியாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று எவராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. பில்லைப் பத்திரமாக வை, வாரண்டிக்குக் கேட்பார்கள்.

அதுவரை ஆயில் மட்டம் காட்டும் கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, வாரம் ஒருமுறை பார். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். புது இன்ஜின் ரிங் படியும் வரை கொஞ்சம் ஆயில் எடுக்கலாம், பதற வேண்டாம். கீழ்க்கோட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆயிலைவிட உன் வலது கால்தான் எனக்குக் கவலை. முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதிக்காதே. அதற்காக உயர்ந்த கியரில் முக்கிக்கொண்டு உருட்டவும் கூடாது. எரியும் வாயு அழுத்தித் தள்ளினால்தான் ரிங் சுவரோடு ஒட்டும், அதற்கு ஓரளவு பாரம் வேண்டும். முதல் 300 கிலோமீட்டருக்கு, அவசரம் என்றால் தவிர, பிரேக்கை அடித்துப் பிடிக்காதே. பிரேக் பேடும் புதுசுதானே.

பொங்கலுக்குக் காரிலேயே வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வா. ஓசூர் தாண்டி ரோடு காலியானதும் குரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதே. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவது புது இன்ஜினுக்கு ஆகாது. எழுபது, தொண்ணூறு, மறுபடி எழுபது என்று மாற்றி மாற்றி வா. கிருஷ்ணகிரியில் ஒரு டீ, கரூரில் ஒன்று. திண்டுக்கல் வந்ததும் பானட்டை நான் திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா