உறைபனியில் வழி வெட்டியவருக்கு நன்றி

1988 அக்டோபரில், அலாஸ்காவின் பாரோ அருகே உறைந்த கடலில் மூன்று சாம்பல் திமிங்கிலங்கள் சிக்கியபோது, கடுங்குளிரில் இயந்திர ரம்பத்தால் பனியை அறுத்த, அலாஸ்காவின் பூர்வகுடிகளான இன்யூபியாட் வேட்டைக்காரர்களுள் ஒருவரான, பெயரறியாத உங்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டிய அவ்வுயிர்களுக்காக, திறந்த கடலை நோக்கித் துளைகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிச் சென்றீர்கள். அறுத்த பாளங்களைக் கழிகளால் பனிக்கடியில் தள்ளினீர்கள். துளைகள் மீண்டும் உறையாதிருக்க, மினசோட்டாவிலிருந்து வந்த நீர்சுழற்றும் கருவிகளும் உதவின. மூன்றில் இளையது பிழைக்கவில்லை என்பது இன்றும் வருத்தமே. கடைசித் தடையாயிருந்த பனிமேட்டைச் சோவியத் கப்பல்கள் உடைத்ததைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால், அக்கப்பல்கள் வந்துசேரும்வரை மற்ற இரண்டையும் உயிரோடு காத்தது, வில்தலைத் திமிங்கிலங்களை உணவுக்காக வேட்டையாடி அவற்றின் இயல்பைத் தலைமுறைகளாக அறிந்திருந்த உங்கள் மக்களின் உழைப்பே என்று உறுதியாக நம்புகிறேன்.