பதினாறாம் எண் அணிக்காரிக்கு

பெரியகுளம்
16.3.2018, வெள்ளி

அன்புள்ள பாப்பா,

"நம்ம காலேஜ் ஜெயிக்க வாய்ப்பு இருக்காப்பா?" என்று, அமெரிக்கக் காலேஜ்களின் கூடைப்பந்துப் போட்டியில் உங்கள் யூஎம்பிசி (மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) வர்ஜீனியாவோடு மோதப்போவதைப் பற்றிப் புதன்கிழமை போனில் கேட்டாய். "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அங்கே போய் ஒன்றரை வருஷமாகப் படிப்பு, வாடகை, குளிர் தவிர வேறு எதையும் பேசாத பெண், நான் முப்பது வருஷம் விசில் ஊதிய விஷயத்தைப் பற்றி இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாய். அதை அப்படி முடிக்க மனசு வரவில்லை. மூன்று ராத்திரியாக நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அம்மா இரண்டு முறை வந்து திட்டிவிட்டுப் போனாள்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா 33 ஆட்டத்தில் 31 ஜெயித்திருக்கிறது. போட்டிக்கு வந்த 68 அணிகளிலும் அதற்குத்தான் முதலிடம். ஒவ்வொரு பிரிவிலும் பலத்தின்படி அணிகளுக்கு ஒன்று முதல் பதினாறு வரை எண் கொடுப்பார்கள். வர்ஜீனியா ஒன்றாம் எண், உங்கள் யூஎம்பிசி கடைசியான பதினாறாம் எண். ஆண்கள் போட்டியில் 1985-இல் 64 அணி வைத்து ஆடத் தொடங்கியதிலிருந்து போன வருஷம் வரை ஒன்றாம் எண்ணும் பதினாறாம் எண்ணும் 132 முறை மோதியிருக்கின்றன. பதினாறு ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பெண்கள் போட்டியில் மட்டும் 1998-இல் ஹார்வர்டு போய் ஸ்டான்ஃபோர்டை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தது. எந்த விஷயத்திலும் பெண்கள்தான் முதலில் என்று அம்மா இதைப் படித்ததும் சொல்வாள்.

சரி, அவர்கள் எப்படி ஆடுகிறார்கள்? கோச் டோனி பென்னட் வைத்திருப்பது அவருடைய அப்பா டிக் பென்னட் உருவாக்கிய டிஃபென்ஸ். பந்து வைத்திருப்பவனை மட்டும் ஒருவன் நெருக்குவான். மற்ற நால்வரும் தங்கள் ஆள் பின்னாலேயே ஓட மாட்டார்கள். ரிங்கைச் சுற்றிப் பதினாறடியில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று கிழித்துக்கொண்டு அதற்குள் சுருங்கி நிற்பார்கள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிள்) உள்ளே நுழைந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மார்பு வந்து இடிக்கும். சந்தைக்கூட்டத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற மாதிரிதான். ஆட்டத்துக்கு 53 பாயிண்ட் பக்கம்தான் எதிரணிக்கு விடுகிறார்கள். நாட்டிலேயே அதுதான் குறைவு.

பந்து கையில் வந்தாலும் அவசரமே கிடையாது. அங்கே காலேஜ் ஆட்டத்தில் ஷாட் அடிக்க 30 செகண்ட் உண்டு. நம் ஊரில் 24-தான். அந்த முப்பதையும் கடைசி வரை உறிஞ்சிவிட்டுத்தான் அவர்களுடைய ஆட்டக்காரர்கள் கைல் கையோ டை ஜெரோமோ எறிவார்கள். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும்.

அந்தக் கொட்டாவிதான் எனக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. மழை வந்து எட்டு ஓவராகக் குறைத்த கிரிக்கெட் ஆட்டத்தை நினைத்துப் பார். ஐம்பது ஓவர் என்றால் பலமான அணி எப்படியும் தேறிவிடும். எட்டு ஓவரில் எவனாவது நாலு சிக்ஸர் அடித்தால் கதை முடிந்தது. வர்ஜீனியா தானாகவே ஒவ்வொரு ஆட்டத்தையும் எட்டு ஓவராக்கிக்கொள்கிறது. பந்து கைமாறும் தடவைகள் குறைந்தால், பெரிய அணியின் பலம் வெளியே வரவும் தடவைகள் குறைவுதான். 1989-இல் பதினாறாம் எண் பிரின்ஸ்டன், ஜார்ஜ்டவுனிடம் 50-49 என்று ஒரே பாயிண்டில் தோற்றது. அங்கே ஆட்டத்தை மெதுவாக்கியது சின்ன அணி. இங்கே பெரிய அணியே அந்த உபகாரத்தைச் செய்கிறது. இன்னொன்று, இப்படி ஆடுகிறவர்கள் பத்துப் பாயிண்ட் பின்தங்கிவிட்டால் துரத்தத் தெரியாமல் தடுமாறுவார்கள். நிதானமாக நடந்தே பழகியவனைப் பஸ்ஸைப் பிடிக்க ஓடச் சொன்ன மாதிரி.

அந்தச் சுவரை உடைக்க வழி வெளியிலிருந்துதான். பந்தை உள்ளே கொடு, நால்வரும் சுருங்குவார்கள், உடனே வெளியே எடு, மூன்று பாயிண்ட் கோட்டிலிருந்து எறி. ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) கிடைத்தால் சுவர் எழும்பும் முன் ஓடிவிட வேண்டும். இதற்கு உங்கள் அணியின் ஜைரஸ் லைல்ஸ் போதும் என்று நினைக்கிறேன். வெர்மாண்ட்டிடம் தொடர்ந்து 23 முறை தோற்ற அணி, அதே வெர்மாண்ட்டை உங்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் 65-62 என்று ஜெயித்தது அவன் கடைசி நொடியில் போட்ட மூன்று பாயிண்டால். அதை ஏழு முறை பார்த்தேன். தோள் கொஞ்சமும் அசையவில்லை.

ஆனால் என் மனசு போனது உங்கள் அணியின் கே.ஜே. மௌராவிடம். போர்ட்டோ ரிக்கோ பையன், ஐந்தடி எட்டு அங்குலம், 64 கிலோ. நான் ஐந்தடி ஐந்து. நம் ஊர் அகில இந்தியப் போட்டியில் ரயில்வேக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, குள்ளனுக்கு இந்த ஆட்டத்தில் என்ன வேலை என்று யோசித்தவன் நான். பந்து தரையில் இருக்கிற வரைக்கும் அது குள்ளனுடையது. மௌராவுக்கு அது தெரிந்திருக்கிறது.

எதிரணியை நான் எடை போடுவதை ரொம்பவும் நம்பாதே. ஒரு வருஷம் மாவட்டப் போட்டியில், எதிரணியின் ஆறடி மூன்றங்குலப் பையனைப் பார்த்துப் பயந்து இரண்டு பேரை அவன் மேல் விட்டேன். அவன் எட்டுப் பாயிண்ட்தான் எடுத்தான். நான் பெயர்கூடக் கேட்டு வைக்காத கண்ணாடி போட்ட பையன் முப்பது எடுத்தான். அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது பிள்ளைகள் யாரும் என்னிடம் பேசவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வர்ஜீனியாவின் டி'ஆண்ட்ரே ஹன்டருக்கு மணிக்கட்டு உடைந்து, ஆட மாட்டான் என்று செவ்வாய்க்கிழமை அறிவித்துவிட்டார்கள். பெஞ்சிலிருந்து வருகிறவன்தானே என்று நினைக்காதே. உயரமான ஆளையும் மறிப்பான், பந்தை நடத்திக்கொண்டு வருகிற வேகமான கார்டையும் மறிப்பான். அப்புறம், உங்கள் கோச் ரயன் ஓடமின் அப்பா ஒரு காலத்தில் வர்ஜீனியாவில் அசிஸ்டென்ட் கோச். சின்ன வயதில் ரயன் அங்கேதான் பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறார். அந்த வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளைக்குப் பின்வாசல் எங்கே என்று தெரியாதா?

இவ்வளவும் எழுதிவிட்டு, ஜனவரியில் நீங்கள் ஆல்பனியிடம் 83-39 என்று தோற்றதையும் பார்த்தேன். 44 பாயிண்ட்! பேனாவை வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆகவே என் தீர்ப்பு: வர்ஜீனியா, இருபது பாயிண்ட் வித்தியாசம். அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் தலை நிமிர்ந்து நடக்கலாம். வளாகத்தில் இருக்கிற அந்த நாய்ச் சிலையின் மூக்கை, அதிர்ஷ்டம் வரும் என்கிறார்களே, எதற்கும் ஒரு தடவை தடவிவிட்டு வா.

ஆட்டம் நமக்கு நாளைக் காலை ஏழு மணிவாக்கில். அம்மா பிழை திருத்தின பிறகுதான் இதை அனுப்ப வேண்டுமாம்.

அப்பா

சனிக்கிழமை காலை, ஒன்பதரை:

பாப்பா, நீ போனை எடுக்கவில்லை, எடுத்தாலும் அந்தச் சத்தத்தில் காது கேட்காது. பாதி ஆட்டத்தில் 21-21. அப்போதே நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. லைல்ஸ் 28. முடிவு 74-54. இருபது பாயிண்ட் என்று நான் எழுதினதில் எண் சரி, பக்கம்தான் மாறிவிட்டது. ஆட்டம் முழுக்க 53 விடுகிறவர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன் பார், உங்கள் பிள்ளைகள் இரண்டாம் பாதியில் மட்டும் எடுத்தது 53. அம்மா அந்த வரியைத் திருத்த வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்கிறாள்.