வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லும் மிஷனரிப் பயிற்சிக் குழுவுக்கு

மதிப்புக்குரிய போதகர் ஐயாமாருக்கும் குழுவிலிருக்கும் அக்காமாருக்கும் கர்த்தருக்குள் அன்பின் வணக்கம்.

இந்த முறை விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. இராஜினாமாக் கடிதத்தின் பிரதியை இணைக்க வேண்டுமாம். சனி பின்னேரம் நடந்த வகுப்பும் வெள்ளிக்கு மாறிவிட்டது. ஏன் மாறியது என்று கிளற நான் வரவில்லை. கேட்பது ஒன்றுதான். வேலையில் இருந்துகொண்டே, வீட்டையும் பார்த்துக்கொண்டே இந்தப் பயிற்சியை முடிக்க எங்களுக்கு ஒரு வழி விடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து யோசித்தால் ஒரு வெள்ளிக்கிழமை லீவு என்பது ஒரு நாள் சம்பளம். கிளிநொச்சிப் பக்கம் என்னைப் போலக் கார்மென்ட்டில் தைக்கிறவளுக்கு அது அவ்வளவோடு போகாது. மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் வந்தால்தான் வரவுக் காசு. ஒரு வெள்ளி நின்றால் அன்றைய சம்பளமும் போய், அந்த மாதத்து வரவுக் காசும் முழுதாகப் போய்விடும். மறுநாள் லைனில் எல்லோருக்கும் முன்னால் சுப்பவைசர் கேட்கிற கேள்வி இலவசம். அந்த வரவுக் காசில்தான் பிள்ளைகளின் டியூஷன் ஓடுகிறது, கிளினிக்கில் முடிந்துபோன மருந்தை மாமிக்கு வெளியில் வாங்குவதும் அதில்தான்.

சரி, வேலையையே விட்டுவிடுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். கிழமைக் கடன் என்றால் என்னவென்று வன்னியில் ஊழியம் செய்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடன் குழுவில் ஒருத்தி அந்தக் கிழமைத் தவணையைக் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். நான் விசுவாசத்தோடு வேலையை விட, என் தவணையைக் கட்டப்போவது புருஷனை இழந்த ஒரு அக்காவும், கோழி வளர்த்துப் பிழைக்கிற இன்னொருத்தியும். அதுவும் இரண்டு பேரும் சைவ சமயத்தவர்கள். “தேவன் பார்த்துக்கொள்வார்” என்று நேர்முகத்தில் ஒரு ஐயா சொன்னார். பார்த்துக்கொள்வார்தான் ஐயா. ஆனால் காசு சேர்க்கிற பெடியன் செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தப்போவது அந்த அக்காவின் படலையில்.

கலப்பையில் கை வைத்தவன் பின்னால் பார்க்கக் கூடாது என்ற வசனத்தையும் அன்றைக்கு வாசித்துக் காட்டினீர்கள். எலிசாவும் ஏர் ஓட்டிக்கொண்டு நின்ற இடத்தில்தான் அழைக்கப்பட்டான். தாய் தகப்பனிடம் விடைபெற்று வருகிறேன் என்றபோது எலியா அவனைப் போகவிட்டார். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்துகொண்டே பிரசங்கித்தார். 2009இல் தறப்பாளுக்குக் கீழே கிடந்த எங்களுக்கு அந்தத் தொழிலின் அருமை நன்றாகவே தெரியும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரைப் பொஸ்டனில் இருந்த சங்கம் சம்பளம் கொடுத்துத் தாங்கியது. அதனால் அவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

உங்கள் அலுவலகச் சுவரில் வில்லியம் கேரியின் படம் தொங்குகிறது. சப்பாத்துத் தைத்தவர். 1793இல் வங்காளத்துக்கு வந்தபின் ஒரு அவுரிச் சாயத் தொழிற்சாலையை மேற்பார்த்துச் சம்பளம் வாங்கியபடிதான் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். வேலை அவருடைய ஊழியத்தைக் கெடுக்கவில்லை. உடைந்தது வீடு. மனைவி டொரத்தி முதலில் வரவே மாட்டேன் என்றவர். வந்த அடுத்த வருடம் ஐந்து வயது மகன் பீட்டர் செத்துப்போக, அவருக்குப் புத்தி பேதலித்தது. 1807இல் சாகும்வரை தேறவில்லை. படத்தை மாட்டிய சுவருக்கு முன்னால் இருந்துகொண்டு என்னிடம் வேலையைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டீர்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானே சொல்கிறேன். மாமிக்கு சீனி வருத்தம், கால் புண் ஆறாது. காலையும் மாலையும் கழுவி மருந்து கட்ட வேண்டும். அவவும் சைவம்தான். ஏ9 வீதியில் பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் நிற்காமல் போனால் கண்டக்டரைப் பேசியே கொன்றுவிடுவா. அந்த மனுசியின் காலைப் பார்க்காமல் விட்டுவிட்டு நான் மல்லாவியில் போய் அன்பைப் பற்றிப் பேசினால், எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவர்கள் எந்தச் சுவிசேஷத்தைக் கேட்பார்கள்?

ஆனால் ஆண்டு மலரில் படம் போட மட்டும் நாங்கள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வந்தால் எங்களைச் சேலை உடுத்தி வரிசையில் நிறுத்தி, ‘வன்னியில் எழும்பும் ஊழியக்காரர்’ என்று பதாகை கட்டுவீர்கள். பதாகைக்கும் பந்தலுக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் வருகிற காசில் நாலு பேருக்குப் பஸ் காசு கொடுத்திருக்கலாம். பொன்னாடை போர்த்த வேண்டிய ஆட்களின் பட்டியல் மட்டும் வருடா வருடம் நீளுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இராஜினாமாக் கடிதம் கேட்கும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வகுப்பை மறுபடி சனி பின்னேரத்துக்கு மாற்றுங்கள். முழுநாள் வகுப்பு கட்டாயம் என்றால் பௌர்ணமிப் போயா நாளில் வையுங்கள், அன்று எங்களுக்கும் லீவு. தங்கிப் படிக்கிற மூன்று மாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தந்தால், காலபோக நெல் அரிவு வெட்டுக் காலத்தைத் தவிர்த்து எப்படியாவது வந்துவிடுவோம். அடுத்த நேர்முகத்தை எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்தால் இன்னும் நல்லது, தேத்தண்ணி தருவேன். வேலையையும் வீட்டையும் விடாமல் பயிற்சியை முடிக்க வழி விடுங்கள் என்பதைத்தான் திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன்.

படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். இராஜினாமாக் கடிதம் இணைக்கவில்லை. அந்த இடத்தில் என் ஷிப்ட் நேரத்தை எழுதியிருக்கிறேன். பதில் சொல்ல அழைப்பதென்றால் இரவு ஏழு மணிக்குப் பிறகு அழையுங்கள். பகலில் ஃபோன் லொக்கருக்குள் இருக்கும், வெள்ளிக்கிழமையும்தான்.

இப்படிக்கு,
கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து உங்கள் சகோதரி