அளந்து கல் நட்ட பிறகே இடிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் லாங்கு பஜார், மண்டித் தெரு போன்ற இடங்களில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் ஜேசிபி வந்து தகரச் சார்ப்பையும் படிக்கட்டையும் பெயர்த்துவிட்டுப் போகிறது. சுவர் அப்படியே நிற்கிறது. கொஞ்ச நாளில் படி மீண்டும் முளைக்கிறது. சட்டத்தில் வலு இல்லை என்கிறார்கள். அது தவறு.

வேலூர் நகராட்சியாக இருந்த காலத்திலேயே, தெருவுக்குள் நீளும் கட்டுமானத்தை அகற்றச் சொல்லி நோட்டீஸ் தர 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 182-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும் அந்த அதிகாரம் உண்டு. கட்டடங்களை இடிக்க 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கடைக்காரர்கள் காட்டுகிறார்கள். சாலை, தெரு, நடைபாதை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்த வழிமுறை பொருந்தாது என்று அதே தீர்ப்பிலேயே இருக்கிறது. சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் தெரு நிலத்தை யாருக்கும் சொந்தமாக்காது.

வேலை கெடுவது அளவையில்தான். “ஆக்கிரமிப்பை அகற்றவும்” என்று பொதுவாக எழுதிய நோட்டீஸ் நீதிமன்றத்தில் நிற்காது. எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் தடை கிடைத்துவிடும். முதலில் நகர நில அளவைப் பதிவேட்டிலிருந்து வார்டு, பிளாக், நகர அளவை எண் எடுத்து, வரைபடத்தோடு நில அளவர் தெருவின் இரு ஓரத்தையும் அளந்து கல் நட வேண்டும். பழைய வரைபடங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். ஒரு லிங்க் 7.92 அங்குலம், 30 லிங்க் தெரு என்றால் ஏறக்குறைய 20 அடி. இதை மாற்றும்போது பிசகினால் ஒரு வீட்டின் திண்ணை அநியாயமாகப் போகும், பக்கத்து வீட்டுச் சுவர் தப்பும். வீட்டு எண் வாரியாக ‘1.2 மீட்டர் நீளம், தெருவுக்குள் 0.9 மீட்டர் நீட்டல்’ என்று அளவோடு, வரைபட நகல் இணைத்து நோட்டீஸ் தர வேண்டும். நெடுஞ்சாலைத் துறைச் சாலையாக இருந்தால் நடவடிக்கை அத்துறையுடையது. இதைப் பார்க்காமல் மனு போட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் அலைய வேண்டியதுதான்.

20 அடித் தெருவில் இரு பக்கமும் மூன்றடி படி வந்தால் மிச்சம் 14 அடி. இரு பக்கமும் பைக்குகள் நின்றுவிட்டால் 108 வண்டி திரும்ப இடமில்லை. வடிகால் மேல் கான்கிரீட் போட்டு மூடிவிடுவதால் தூர் வார முடியாமல் மழைநீர் வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது.

படி ஏன் வெளியே நீள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுகிறார்கள். வாசல் பள்ளமாகிறது, வீட்டுக்காரர் மண் கொட்டி உயர்த்துகிறார், படி தெருவுக்குள் போகிறது. சுரண்டிவிட்டுச் சாலை போட்டாலே பாதிப் படிகளுக்குத் தேவை இருக்காது. எஞ்சிய இடத்தில், இடித்த அந்த வாரமே எல்லைக் கல்லை ஒட்டி வடிகால் சுவரைக் கட்டிவிட வேண்டும். கழற்றி மாட்டும் மூடி போட்டால் தூர் வாரவும் முடியும். வடிகாலைத் தாண்டிப் படி கட்டினால் மறுநாளே கண்ணில் படும்.

தள்ளுவண்டிக்காரர்களை இதோடு சேர்த்து விரட்டக் கூடாது. அவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் தனியாக இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சைதாப்பேட்டை, வேலூர்