ஆரஞ்சுக் குடைக்குப் பின்னால்

ஸ்ரீரங்கம்,
ஜூன் 14

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாதபோது வந்து, பக்கத்து வீட்டில் பத்து நாள் கிடந்திருக்கிறது. மூட்டுவலிக்கு எண்ணெய் மாற்றினது, பரணைச் சுத்தம் பண்ணப்போய் உன் வகுப்புப் பெண்கள் வரைந்த டிராயிங் நோட்டெல்லாம் மூன்று மூட்டையாக இறங்கினது, உன் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டது, அதையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாமா என்று நீ கேட்டது, எல்லாம் படித்தேன். பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் போய்வந்த கதையைக் கேள்.

பதினொரு நாளில் நாலு நாடு. அதில் மூன்று நாட்டைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. உருப்படியாகத் தங்கினது பிராகில்தான், மூன்று ராத்திரி. செக் நாட்டுத் தலைநகர். சென்னையிலிருந்து 34 பேர் கிளம்பினோம், கூடவே ஒரு சமையல்காரர். ஐரோப்பாவுக்குப் போய் காலையில் பொங்கல் சாப்பிட்டேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி. மூன்றாம் நாள் அந்தப் பொங்கலைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

உள்ளூர் வழிகாட்டி ஒரு பெண். கையில் ஆரஞ்சு நிறக் குடை. வெயிலோ மழையோ, விரிக்காமல் தூக்கிப் பிடித்தபடியே நடப்பாள். எங்கள் காதில் ஆளுக்கு ஒரு கருவி, அதில் அவள் குரல். குடை நின்றால் நிற்கவேண்டும், நகர்ந்தால் நகரவேண்டும். கீழே முழுக்கக் கருங்கல் பாவின தெரு. என் முழங்கால் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

சார்லஸ் பாலம் என்று ஒன்று. 1342-ல் வந்த வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போக, நான்காம் சார்லஸ் என்ற ராஜா புதிதாகக் கட்டினார். 1357, ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், விடிகாலை 5:31-க்கு முதல் கல் வைத்தாராம். வரிசையாக எழுதிப் பார்: 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்குகிறது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் என்கிறார்கள். நம் ஊரில் வாஸ்து பார்த்துக் கட்டின கட்டடம் எத்தனை இடிந்திருக்கிறது, இது நிற்கிறது! இரண்டு பக்கமும் முப்பது சிலைகள். எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். பாதி, குரூப் போட்டோவுக்கே போயிற்று.

பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கிற கடிகாரம் வேறு மாதிரி. 1410-ல் செய்தது, இன்னும் ஓடுகிறது. மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பே கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு. மணி ஆனதும் ஒரு கையால் கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, இன்னொரு கையில் மணல் கடிகாரம். அதே சமயம் பக்கத்தில் இருக்கிற பொம்மைகள், கையில் கண்ணாடி வைத்த ஒருவன், பணப்பை வைத்த ஒருவன், எல்லாம் தலையை ஆட்டுகின்றன. ‘இல்லை, இப்போது வரமாட்டேன்’ என்று சொல்கிற ஆட்டல். மேலே இரண்டு ஜன்னல் திறந்து இயேசுவின் சீடர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் ஒரு சேவல் கரகரவென்று கூவுகிறது, முடிந்தது. எல்லாரும் செல்போன் வழியாகவே பார்த்தார்கள். நானும்தான். ஓட்டல் அறையில் அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தத் தலையாட்டலைக் கவனித்தேன்.

அந்த ராஜாவே 1348-ல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அங்கே இருக்கிறது. நம் தமிழ் வகுப்பில் தமிழறிஞர் கமில் சுவலபில் பெயரைச் சொல்வார்களே, அவர் பிறந்த ஊர் இதுதான், தமிழ் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். வழிகாட்டியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பெயரை எழுதிக்கொண்டாள், பாவம்.

இனிமேல் எழுதுவதுதான் உனக்கு.

இரண்டாம் நாள் காலையில் யூதர் குடியிருப்புக்குப் போனோம். பிங்காஸ் என்று ஒரு ஜெபாலயம். உள்ளே சுவரில் படமில்லை, சிலையில்லை. தரையிலிருந்து மேல்வரை பெயர்கள். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள், ஏறக்குறைய 80,000 பேர். குடும்பப் பெயர் சிவப்பில், ஆளின் பெயர் கறுப்பில், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி. எல்லாம் கையால் எழுதினது. 1950-களில் எழுதினார்கள், நிலத்தடி ஈரம் ஏறிச் சுவர் கெட்டுப்போனதால் 1968-ல் மூடினார்கள். அதன்பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி போகும்வரை திறக்கவே இல்லை. 1992 முதல் நாலு வருஷம் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள். தெரேசின் என்ற முகாமில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள். வீடு, தோட்டம், பூ, மூன்றடுக்குக் கட்டில். ஒரு படத்தில் ஆபீஸ் படிவத்தாளை வெட்டி ஒட்டி ஒரு அறையைச் செய்திருக்கிறது ஒரு பிள்ளை. படிவத்தில் அச்சடித்த கோடுகள் ஜன்னல் கம்பியாகத் தெரிகின்றன. சொல்லிக்கொடுத்தவள் உன்னை மாதிரி ஒரு டிராயிங் டீச்சர். ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ். 1898-ல் வியன்னாவில் பிறந்து, ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் படித்தவள். 1942 டிசம்பரில் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். படத்தில் அவரவர் பெயரைப் போடவேண்டும் என்று சொல்வாளாம். பேர் போடாத படத்துக்கு மார்க் கிடையாது என்று நீ பெஞ்சு பெஞ்சாகக் கத்திக்கொண்டு போவாயே, அந்தக் குரல் என் காதில் கேட்டது, வழிகாட்டியின் குரலுக்கு மேலே. படங்களின் ஓரத்தில் குண்டு குண்டான எழுத்தில் பெயர், பக்கத்தில் விடுதி எண்.

1944 செப்டம்பரில் அவள் கணவனை ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். தானும் போகிறேன் என்று பெயர் கொடுத்து, அக்டோபரில் பின்னாலேயே போனாள். அவன் பிழைத்தான், அவள் வரவில்லை. போவதற்கு முன்பு இரண்டு பெட்டிகளில் படங்களை அடுக்கி ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சுமார் 4,500 படங்கள். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. மாடியில் நாங்கள் நின்றது பதினைந்து நிமிஷம். குடை இறங்கிவிட்டது.

மறுநாள் தெரேசினுக்கு ஆப்ஷனல் டூர், தனிப் பணம். 34 பேரில் ஒன்பது பேர் போனோம், மற்றவர்கள் கண்ணாடிச் சாமான் வாங்கப் போனார்கள். குறை சொல்லவில்லை, முந்தின நாள் நானும் ஒரு பாசிமாலை வாங்கினவள்தான். பிராகிலிருந்து 60 கிலோமீட்டர். இப்போது அது சாதாரணமான சின்ன ஊர், ஜனங்கள் குடியிருக்கிறார்கள். யுத்தத்தின்போது ஊர்க்காரர்களைக் காலிபண்ணிவிட்டு 1,40,000 யூதர்களுக்கு மேல் இங்கே கொண்டுவந்தார்கள். 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தார்கள்.

அங்கே கேட்டது இது. 1944 ஜூன் 23-ம் தேதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் மூன்று பேர் பார்வையிட வருகிறார்கள், இரண்டு டென்மார்க்காரர், ஒரு சுவிஸ்காரர். அதற்கு முன்னால் சுவருக்கு வண்ணம் அடித்து, ரோஜாச் செடி நட்டு, கச்சேரி மண்டபம் கட்டி, எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்த தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள். கூட்டம் தெரியக்கூடாதென்று மே மாதமே 7,503 பேரை ஆஷ்விட்சுக்கு ஏற்றி அனுப்பினார்கள். எந்தத் தெருவில் போவது, எங்கே நிற்பது, எல்லாம் முன்கூட்டியே போட்ட வழி. குழந்தைகள் ஓபரா பாடிக் காட்டினார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். சுவிஸ்காரர் நல்லபடியாகவே அறிக்கை எழுதினார்.

பக்கத்துச் சிறைக்கோட்டையில் ஒரு அறை, வரிசையாக முகம் கழுவும் தொட்டிகளும் கண்ணாடிகளும். அந்த மாதிரி விருந்தாளிகளுக்குக் காட்டக் கட்டினது, குழாயில் தண்ணீர் வந்ததே இல்லை என்றாள் வழிகாட்டி. நான் குழாயைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த குடையைத்தான் பார்த்தேன். அவளைத் தப்பாகச் சொல்லவில்லை. மறைக்காமல் காட்டினவள் அவள். ஆனாலும் அங்கிருந்து திரும்பும்போது, காதுக்கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குடை போகாத ஒரு சந்தில் நுழைந்தேன். ஒன்றுமில்லை. ஒரு வீட்டு ஜன்னலில் துணி காய்ந்தது, ஒரு கிழவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வருவதற்குள் பஸ் பதினைந்து நிமிஷம் எனக்காக நின்றிருக்கிறது. எட்டுப் பேரும் முறைத்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு ரசம் வரும்வரை யாரும் என்னோடு பேசவில்லை.

உன் கேள்விக்குப் பதில். அந்த மூன்று மூட்டையையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடவேண்டாம் என்று உன் மருமகளிடம் சொல். கரப்பான் இருந்தால் இருக்கட்டும், ரசகற்பூரம் போட்டு வை. ஆடி பிறந்ததும் மன்னார்குடிக்கு வருகிறேன். இரண்டு பேருமாகத் திண்ணையில் போட்டுப் பிரிக்கலாம். பேர் போட்டிருப்பாளுகள் இல்லையா, யார் யார் எங்கே இருக்கிறாளுகள் என்று பார்க்கலாம்.

முழங்காலுக்கு என்ன எண்ணெய் என்று எழுது.

உன்
கமலா