பங்கேற்பாளர் 14-க்கும் மற்றவர்களுக்கும்

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்து, தேர்வாளர்கள் சொன்ன திருத்தங்களையும் போட்டுக் கொடுத்தாயிற்று. அதன் முன்பக்கங்களில் நன்றியுரை என்று ஒன்று இருக்கிறது. சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு, பக்க எண்களைச் சரிசெய்துகொண்டே எழுதியது. இப்போது படித்தால் விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் நெறியாளர். மேடம், முன்னாய்வுகள் பற்றிய இரண்டாம் இயலை 94 பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்து நின்றபோது நீங்கள் திட்டவில்லை. "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டீர்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று அடுக்கியிருந்தேனே தவிர, நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அந்த இயல் கடைசியில் 38 பக்கமானது. வெட்டிய 56 பக்கமும் 'பிறகு பார்க்கலாம்' என்ற கோப்பில் கிடக்கிறது. பார்க்கப் போவதில்லை.

அப்புறம், எனக்கு முன்பே முடித்துவிட்டுப் போன சீனியர் அண்ணா. நான் பதிவு செய்தது 2018-ல். அடுத்த ஆண்டே, மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் எப்படி எழுதுவது என்று சொல்லும் ஏ.பி.ஏ. நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பு வந்து, நூல் வெளியான ஊரைத் துணைநூற்பட்டியலில் குறிக்க வேண்டாம் என்றது. நூல் விவரங்களைச் சேமித்துப் பட்டியலாக்கித் தரும் ஜொட்டேரோ மென்பொருளில் ஒழுங்காக ஏற்றி வைத்திருந்தால் நொடியில் மாறியிருக்கும். நானோ எல்லாவற்றையும் கையால் தட்டி வைத்திருந்தேன். நூல்கள் மட்டும் நூற்று நாற்பது. அண்ணா, நீங்கள் இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஊராக நீக்கினீர்கள். நடுவில் நீங்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது, நியாயம்தான்.

பக்க எண் குறிக்காமல் விட்ட ஒரு மேற்கோளுக்காக மூன்று பதிப்புகளைப் புரட்டிப் பார்த்த நூலகருக்கும் நன்றி. தினமும் இரவு ஒன்பது மணிக்கு வீடியோ அழைப்பில் வந்து, ஒலியை அணைத்துவிட்டுத் தன் ஆய்வேட்டைத் தட்டிக்கொண்டிருந்த தோழிக்கும் நன்றி. ஒரு வார்த்தை பேச மாட்டோம். திரையில் அவள் தலை குனிந்திருக்கும்போது நான் மட்டும் எழுந்து போக வெட்கமாக இருக்கும். ஐந்தாம் இயல் முழுக்க அந்த வெட்கத்தில் எழுதியதுதான்.

சரி, இனி அந்த 23 பேர். இரவுப் பணி முடிக்கும் செவிலியர்கள், அடுத்து வருபவர்களிடம் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் எனக்காக உட்கார்ந்து பேசினீர்கள். பெயர் எங்கும் வராது என்று ஒப்புதல் படிவத்தில் உறுதி கொடுத்திருக்கிறேன். ஆகவே அதிகம் கடன்பட்டவர்களைத்தான் எண் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மொத்தம் 31 மணி நேரப் பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு. கொஞ்ச நாளில் காதுக்கு அலுத்துவிடும், மனது தனக்குத் தோன்றியதை எழுத ஆரம்பித்துவிடும். பங்கேற்பாளர் 14-இன் பதிவில் அப்படித்தான் ஆனது. ஒரு நோயாளியின் படுக்கை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்ட இரவைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடைந்தது. அடைப்புக்குறிக்குள் 'அழுகை' என்று போட்டேன். அதை வைத்துக் குற்றவுணர்வு பற்றி நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

எழுத்தாக்கத்தைச் சரிபார்க்க அனுப்பியபோது ஒரே ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்தது. "நான் அங்கே அழவில்லை, சிரித்தேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது நோயாளிதான். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம்."

பதிவை மறுபடி கேட்டேன். சிரிப்புதான்.

நான்கு பக்கமும் போனது. ஒப்படைப்புப் பேச்சில் நோயாளியும் ஒரு ஆள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. ஆறாம் இயல் அங்கிருந்துதான் பிறந்தது, வாய்மொழித் தேர்வில் அதிகம் கேட்கப்பட்டதும் அதைப் பற்றித்தான். அக்கா, ஆய்வேடு உங்கள் கைக்கு வந்தால் 142-ஆம் பக்கத்தைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று இருக்கும்.